காவிரிக்கு ஐ.நா. வருமா?



சென்ற மாதம் நம் மன்றக் கூட்டத்தில் நண்பரொருவர் உணர்ச்சி பொங்கப் பேசினார். காவிரிச் சிக்கலை ஐக்கிய நாடுகள் அவைக்கே கொண்டு செல்ல வேண்டுமாம்! கைதட்டல் ஓய நெடுநேரமாயிற்று. நானும்தான் தட்டினேன். ஒக்கலிபுரத்துக்கு வீடு திரும்பும் வழியில்தான் எண்ணிப் பார்த்தேன்.

உலக நீதிமன்றம் நாடுகளுக்கிடையே எழும் வழக்கையே கேட்கும். ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கு அங்கே கதவு திறவாது. திறந்தால்தான் என்ன? சிந்து நதியைப் பாருங்கள். உலக வங்கி ஆண்டுக் கணக்கில் நடுவிலிருந்து பேசியபின், 1960இல் நேருவும் அயூப்கானும் கராச்சியில் கையொப்பமிட்டனர். கிழக்கே மூன்று ஆறுகள் நமக்கு. மேற்கே மூன்று பாகிஸ்தானுக்கு. 1965, 1971 போர்களையும் தாங்கி நின்றது அவ்வுடன்படிக்கை. ஆனால் 2025 ஏப்ரலில், பகல்காம் படுகொலைக்குப் பின், இந்தியா அதை நிறுத்திவைத்தது. இணக்கம் செய்விப்பதற்கு மேல் தங்களுக்கு வேலையில்லை என்று வங்கித் தலைவரே சொல்லிவிட்டார். அங்கேயாவது பிரித்துக்கொள்ள ஆறு ஆறுகள் இருந்தன. காவிரியோ ஒன்றே ஒன்று!

அப்படியானால் உலக அமைப்புகளால் பயனே இல்லையா? உண்டு, நண்பர் நினைத்த வழியில் அன்று. 1966இல் பன்னாட்டுச் சட்டக் கழகம் ஹெல்சிங்கியில் கூடிச் சில விதிகளை வகுத்தது. அவர்களிடம் படையுமில்லை, பணமுமில்லை. வெறும் சட்டவல்லுநர் கூட்டம். ஆறு பிறந்த இடத்தாருக்கே சொந்தமன்று, படுகையிலுள்ள அனைவருக்கும் நியாயமான பங்குண்டு என்றார்கள். 2018 பிப்ரவரியில் நம் உச்ச நீதிமன்றம் காவிரித் தீர்ப்பில் அவ்விதிகளை எடுத்தாண்டது.

அத்தீர்ப்பில் தமிழகத்துக்குப் பிலிகுண்டுலுவில் வர வேண்டிய 192 டி.எம்.சி., 177.25 ஆகக் குறைந்தது. குறைந்த 14.75இல் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. அதாவது, தோழர்களே, நமக்கு! தஞ்சை வயலுக்காக முழங்கும் நம் நாவை நனைப்பதும் அந்த நீர்தான். இதை நம் மேடையில் ஒருவரும் சொல்வதில்லை.

மழை பெய்யும் ஆண்டில் சண்டையே இல்லை. பொய்க்கும் ஆண்டில்தான் எல்லாம். குறையையும் விகிதப்படி பகிர வேண்டும் என்று 2007இலேயே நடுவர் மன்றம் சொல்லிவிட்டது. ஆயினும் 2023இல் மழை குறைந்தபோது இரு மாநிலமும் ஒப்பிய கணக்கு எதுவும் கையில் இல்லை. மேலாண்மை ஆணையம் பதினைந்து நாளைக்கு இத்தனை கன அடி என்று உத்தரவிட, செப்டம்பரில் பெங்களூர் கடையடைத்தது.

2016 செப்டம்பரில் நான் பள்ளிச் சிறுவன். தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்த அன்று என் தந்தையார் கதவைச் சாத்தி, உரக்கத் தமிழ் பேசாதே என்றார். மறுநாள் எங்களுக்குப் பால் வாங்கி வந்து கொடுத்தவர் பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாள்.

ஐ.நா. தீர்மானத்துக்கு என் வாக்கு இல்லை. என் வகுப்பில் மண்டியா விவசாயக் குடும்பத்து மாணவர் இருவர் இருக்கிறார்கள். வறண்ட ஆண்டில் மண்டியாவுக்கு எவ்வளவு, தஞ்சைக்கு எவ்வளவு, நம் குழாய்க்கு எவ்வளவு என்று பேச அவர்களை அடுத்த கூட்டத்துக்கு அழைத்துவர விரும்புகிறேன். செயலாளர் இசைவு தர வேண்டும்.