பிற்பட்டது என்னும் சொல்

காயம் என்ற சொல் தமிழிலே புண்ணையும் குறிக்கும், சரீரத்தையும் குறிக்கும். இரண்டின் பிறப்பும் வேறென்று சொல்லாராய்ச்சியாளர் கூறினும், ஊவா மலைத்தோட்டங்களில் நாள்தோறும் நோயாளரைப் பார்க்கும் நமக்கு அவ்விரு பொருளையும் பிரித்துவைப்பது எளிதன்று. கவ்வாத்துக் கத்தி பட்ட கையோடும் குளவி கொட்டிய முகத்தோடும் வருவோரைத் தடுமாற்றமின்றிக் கவனித்து அனுப்புகிறோம். "மழ இருட்டினா நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க ஐயா, ஒடம்பெல்லாம் ஒளயுது" என்று வருகிற அம்மாவுக்கோ, பிரஷர் பார்த்து, பெனடோல் கொடுத்து, பதிவேட்டில் உடல்வலி என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

மழைக்கு அஞ்சக் காரணம் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயக் குடியிருப்புகளை மூடியபோது, பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகளுட் சிலருக்குத் திரும்பிவர வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்த இடம் அது. மண்ணில் புதையுண்டவர் பலரின் உடல் மீட்கப்படவேயில்லை. முகம் பார்த்து, கோடி போட்டு, குழிக்கு மண் தள்ளி, கருமாதி முடித்துத் துக்கத்துக்கு ஓர் எல்லை வகுக்கின்ற சமூகத்தில், உடலே கிடைக்காதபோது, இறந்தார் என்று நம்பவும் மாட்டாமல், வருவார் என்று காத்திருக்கவும் மாட்டாமல் மனிதர் படுகிற வேதனைக்கு நமது மருந்துப் பட்டியலில் இடமில்லை. தப்பியவர்களுக்குப் பூனாகலைப் பக்கம் புதிய வீடுகள் 2016இல் கிடைத்தன. மழையின் ஓசை அங்கும் கேட்கும்.

அழுக்கேறிய புண்ணை உடனே தைத்து மூடலாகாது. கழுவி, திறந்தே வைத்து, நாள்தோறும் கட்டு மாற்றி, நான்கைந்து நாள் சென்றபின் தையலிட வேண்டும் என்பதை நாம் அறிவோம். மனத்தின் புண்ணுக்கும் இந்தப் பொறுமை வேண்டும். ஆபத்து நிகழ்ந்த கையோடு ஒருவரை உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைத்தால் ஆறிவிடும் என்ற நம்பிக்கை ஒருகாலத்தில் இருந்தது; அது பயன் தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யும் என்று ஆய்வுகள் காட்டின. உலக சுகாதார ஸ்தாபனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் பார், கேள், தொடர்புபடுத்து என்பதோடு நிற்கிறது. சொல்லும்படி வற்புறுத்தாதே என்கிறது. புண்ணைக் கிளறுவதும் கட்டு மாற்றுவதும் ஒன்றல்ல.

ஒன்றை மாத்திரம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்த நோயை, நாம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று வழங்குகிறோம். வடு என்பது ஆறிய புண்ணின் தழும்பு. பிற்பட்டது என்பதோ ஆபத்து கடந்துபோயிற்று என்று கொள்வது. சரிவின் அடியில் இன்னும் லயத்தில் குடியிருப்பவருக்கு ஆபத்து கடந்துபோகவில்லை; ஒக்டோபர் மழை வரும்போது அவர் நடுங்குவதில், பழைய ஞாபகம் எவ்வளவு, நியாயமான பயம் எவ்வளவு என்று பிரித்தறியாமல் அதை நோயென்று மட்டும் கொள்வது அவருக்கு நாம் இழைக்கும் அநீதியாகும். நித்திரை கெட்டு, வேலைக்கும் போகமுடியாமல் வாடுகிறவரைப் பதுளை ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்கு அனுப்பத்தான் வேண்டும். அனுப்பும் கடிதத்திலும் நமது பதிவேட்டிலும், உடல்வலி என்பதற்குப் பக்கத்தில், அவர் எந்த லயத்தில் இருக்கிறார், அந்த லயத்துக்கு மேலே மலை எப்படி நிற்கிறது என்பதையும் எழுதுவோமாக.