காசநோயாளருக்குக் கணினி போடும் கணக்கு

காசநோய் என்ற சொல்லை நம் பங்குகளில் இன்றும் தாழ்ந்த குரலில்தான் சொல்லுகிறோம். பேகம்பூர் தோல் தொழிற்கூடங்களிலும் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளிலும் உழைப்போர் இருமினால், தூசி என்றோ புகையிலை என்றோ காரணம் சொல்லி நாள்களைத் தள்ளிவிடுகிறோம். கடைசியில் மருத்துவமனைக்கு வரும்போது எலும்பும் தோலுமாக வருகிறார்கள். மருந்து தொடங்கிய பிறகும் சிலர் இறந்துபோவதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம். அந்த இறப்புகளில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதங்களிலேயே நிகழ்கிறது.

இதைத் தடுக்கவே தமிழக அரசு 2022-இல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்பதைத் தொடங்கியது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இதற்குத் துணைநின்றது. நோய் உறுதியான அன்றே ஐந்து விவரங்களைப் பார்க்கிறார்கள்: உயரத்திற்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பது. எடைக் குறியீடு 14-க்குக் கீழே இருந்தால் அவர் ஆபத்தில் இருப்பவர். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவரின் எடை 36 கிலோவைத் தொடவில்லை என்று பொருள். அவரை வீட்டுக்கு அனுப்பாமல் உடனே படுக்கையில் சேர்க்க வேண்டும். பெரிய எந்திரம் எதுவும் தேவையில்லை. எடை பார்க்கும் கருவியும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் போதும்.

அப்படிச் சேர்ந்த விவரங்களை வைத்துத்தான் 2025-இல் அடுத்த படி எடுக்கப்பட்டது. 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை தமிழக அரசு மருத்துவமனைகளில் நோய் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 56,000 பேரின் விவரங்களிலிருந்து ஒரு கணிப்பு முறையை அந்நிறுவனம் உருவாக்கியது. செவிலியர் பதிவு செய்தவுடன், இவருக்கு இறப்பு ஆபத்து எத்தனை விழுக்காடு என்று செயலி காட்டும். கடும் நோயாளர் எனப் பிரிக்கப்பட்டவர்களுக்குள்ளேயே அது 10 முதல் 50 விழுக்காடு வரை வேறுபடுகிறது. மற்றவர்களுக்கு 1 முதல் 4 வரை. யாருக்கு முதலில் படுக்கை தருவது என்று ஊழியர் தடுமாறும் நேரத்தில் இது பெரிய உதவி.

நம் மாநிலத்துக்கு இது புதிதன்று. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, 193 நோயாளரை இரு பிரிவாக்கி, வீட்டில் மருந்து உண்டவர்களும் காசநோய் விடுதியில் தங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைவதைக் காட்டியது. உலகெங்கும் வீட்டு மருத்துவம் பரவ அந்தக் கணக்குத்தான் வழிவகுத்தது.

நோயாளரைப் போலவே கிருமியையும் கணினி படிக்கிறது. 38,000-க்கும் மேற்பட்ட காசநோய்க் கிருமிகளின் மரபணு வரிசையையும், அவை எந்த மருந்துக்கு அடங்கின, எதற்கு அடங்கவில்லை என்ற ஆய்வக முடிவையும் பொருத்திப் பார்த்து, உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஒரு பட்டியல் வெளியிட்டது. எந்த மரபணு மாற்றம் எந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் என்பதை அதில் காணலாம். வாரக்கணக்கில் கிருமியை வளர்த்துப் பார்த்தபின் தெரிந்ததை இதனால் முன்னதாகவே அறியலாம்.

ஆனாலும் நமக்கு ஒரு கவலை உண்டு. நாற்பது விழுக்காடு என்று திரையில் தெரிந்த எண், 'இவர் பிழைக்கமாட்டார்' என்ற தீர்ப்பாக மாறிவிடக் கூடாது. இவருக்கு இன்னும் அதிகம் செய்யுங்கள் என்ற அழைப்பாகவே அதைக் கொள்ள வேண்டும். அவசரத்தில் எடையைக் குத்துமதிப்பாக எழுதிவிட்டால் கணிப்பும் குத்துமதிப்புதான்! அந்த எண் தெருவுக்குக் கசிந்தால் பெண்ணின் திருமணப் பேச்சு நின்றுபோகும், வாடகை வீடு பறிபோகும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது பதிவேட்டைக் கையாளும் ஊழியரின் பழக்கமாக வேண்டும். 2025 ஜனவரியில் செயற்கை நுண்ணறிவு பற்றி வத்திக்கான் வெளியிட்ட ஏடும், நோயாளருக்கும் மருத்துவப் பணியாளருக்கும் இடையிலான உறவின் இடத்தைக் கருவி பிடித்துக்கொள்ளக் கூடாது என்றே எச்சரிக்கிறது.

கணக்கு கண்டுபிடிக்கும் ஆபத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் பசிதான். ஜார்கண்டில் 2,800 நோயாளரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடியவர்களுக்கு இறப்பு ஆபத்து 61 விழுக்காடு குறைவாக இருந்தது. அரசு தரும் ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பரில் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆக உயர்ந்தது. பருப்பும் முட்டையும் விற்கும் விலையில் அது எத்தனை நாளைக்கு வரும் என்பதை நம் இல்லத்தரசிகளே சொல்வார்கள்.

2022 செப்டம்பரில் தொடங்கிய 'நிக்சய் மித்ரா' திட்டத்தில் தனிநபரோ, அன்பியமோ, வின்சென்ட் தே பவுல் சபையோ சேர்ந்து ஒரு நோயாளருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் வழங்கலாம். அரசு சுகாதார நிலையத்தில் விசாரித்தால் போதும். நோயாளர் சம்மதம் தந்தால் மட்டுமே அவரைப் பற்றிய விவரம் கிடைக்கும். பொருளைக் கொடுக்கும்போது நிழற்படம் எடுக்க வேண்டாம். கொடுப்பதை ஆறு மாதமும் கொடுக்க வேண்டும். வீட்டாருக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஜார்கண்டில் குடும்பம் முழுவதற்கும் உணவு தந்தபோது, அவ்வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 முதல் 48 விழுக்காடு வரை குறைந்தது.