அறுபது எழுத்து என்று யார் சொன்னது?

சங்கம், கோவில் கமிட்டி, தனியாள் என்று தமிழில் இணையதளம் நடத்தும் நம்மவர்களுக்கு என்றாவது ஒரு நாள் ஓர் அறிக்கை வந்து சேரும். உங்கள் பக்கங்களில் இத்தனை குறைகள், கூகுளில் முன்னே வர வேண்டுமானால் இவ்வளவு செலவாகும் என்று. தாள் முழுக்கச் சிவப்பு. பார்த்தவர் மிரண்டு பணத்தை எடுக்கிறார். மிரள வேண்டியதில்லை என்பது என் கட்சி.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த அறிக்கையை யாரும் ராத்திரி கண்விழித்து எழுதவில்லை. கணினியின் கருப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால் சற்று நேரத்தில் தானாக வந்து விழும். கூகுள் வெளியிட்ட லைட்ஹவுஸ் அப்படி ஒரு கருவி. காசு கிடையாது.

கருவி மேல் எனக்குக் கோபம் இல்லை. பக்கத்துக்குத் தலைப்பு இருக்கிறதா, படத்துக்கு விவரம் எழுதியிருக்கிறதா, தேடுபொறி உள்ளே வர முடியாதபடி கதவு சாத்தியிருக்கிறதா என்றெல்லாம் அது பார்க்கிறது. படத்துக்கு விவரம் எழுதுவது கூகுளுக்காக மட்டுமல்ல. பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பான் வழியாகப் பக்கத்தைக் கேட்கும்போது அதுதான் அவருக்குப் படம். "இங்கே கிளிக் செய்யவும்" என்று மொட்டையாக இணைப்புக் கொடுத்தாலும் லைட்ஹவுஸ் தமிழிலேயே கண்டுபிடித்துக் குறை சொல்லும். எங்கே போகிறோம் என்று வாசகருக்குத் தெரிய வேண்டாமா? நியாயமான குறைதான்.

என் சண்டை வேறு சில கருவிகள் போடும் ஒரு சிவப்புக் கோட்டோடு. "தலைப்பு 60 எழுத்தைத் தாண்டிவிட்டது" என்கிறார்களே, அது.

எந்த எழுத்து ஐயா? 'திருநெல்வேலி' என்பதில் எத்தனை எழுத்து என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக் கேளுங்கள், ஆறு என்று சொல்லும். யூனிகோடில் 'தி' என்பது ஒன்றல்ல. 'த' ஒன்று, இகரக் குறி ஒன்று. புள்ளியும் தனி. ஆகவே கணினிக்கு அது 12. யூடிஎஃப்-8 முறையில் பைட் கணக்குப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் 3 வீதம் 36. ஆங்கிலத்தில் 60 எழுத்து எழுதுகிறவனுக்கு 60 கிடைக்கிறது. நாம் நாற்பது எழுத்தைத் தாண்டுவதற்குள்ளேயே பெரும்பாலும் சிவப்பு விழுந்துவிடும். உடனே ஊர்ப் பெயரை வெட்டு, வேற்றுமை உருபை உருவு, நல்ல தமிழ்ச் சொல்லை எடுத்துவிட்டுக் குட்டி ஆங்கிலச் சொல்லைப் போடு என்று ஆரம்பிக்கிறார்கள். தலைப்பு தந்தி வாசகம் ஆகிவிடுகிறது.

நீளமானால் தேடலில் வெட்டுப்படுமே என்பார்கள். படும். ஆனால் கூகுளின் வழிகாட்டியே தலைப்புக்கு நீள வரம்பு இல்லை என்கிறது; காட்டும்போது திரையின் அகலத்துக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்கிறது, அவ்வளவே. அதற்கு மருந்து, முக்கியமான சொல்லை முன்னால் வைப்பது. சரியாகத் தெரிகிறதா என்பதைக் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிடலாம்.

இன்னொரு வேடிக்கை, 'கீவேர்ட்ஸ்' குறிச்சொல் இல்லை என்ற குறை. இணையத் தேடலில் வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. அதை நிரப்பித் தருவதற்கும் கூலி கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பிழை திருத்துபவர் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தமிழில் எழுத்தெண்ணத் தெரியாதவரிடம் தமிழ்த் தலைப்பைத் திருத்தக் கொடுப்போமா? அடுத்த முறை அறிக்கையோடு யாராவது வந்தால் 'திருநெல்வேலி' என்று எழுதிக்கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். 12 என்றாரானால், காபி கொடுத்து அனுப்பிவையுங்கள். பணம் கொடுக்காதீர்கள்.