சிப்பிப்பாறைக்கும் பல் வலிக்கும்

கொரட்டூரில் விடிகாலையில் ஏரிக்கரைப் பக்கமோ வீட்டுவசதி வாரியக் குடியிருப்புத் தெருக்களிலோ நடந்தால், லாப்ரடாருக்கும் பக்குக்கும் நடுவே ஒட்டிய வயிறும் நீண்ட முகவாயுமாக ஒரு சிப்பிப்பாறையோ கன்னியோ எதிர்ப்படுவது இப்போது அரிதல்ல. 2020 ஆகஸ்ட் 30ஆம் தேதி வானொலி உரையில் பிரதமர் இந்த நாய்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அதையொட்டிய காலத்தில் தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் முதன்முறையாகப் பதிவு செய்த மூன்று நாய் இனங்களில் ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. கரிசல் காட்டில் முயலை விரட்டிய நாய், மேற்குச் சென்னையின் இரண்டாம் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அதனுடன் ஒரு நம்பிக்கையும் வந்து சேர்ந்திருக்கிறது. “நாட்டு நாய்க்கு ஒண்ணும் வராது சார். எலும்பு போட்டாப் பல்லு தானா சுத்தமாயிடும். பல்லுக்குப்போய் டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனா மயக்க ஊசியிலேயே போயிடும்.” நாய் வளர்க்கும் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இந்த மூன்றில் ஒன்றாவது காதில் விழும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் இது இத்தனை நாள் நிலைத்திருக்கிறது. அந்தக் கொஞ்ச உண்மையை நம்பி வாய் முழுக்கச் சீழோடு ஒரு நாய் வருடக்கணக்கில் வாழ நேர்கிறது.

முதலில் “நாட்டு நாய்க்கு வராது” என்பதைப் பார்ப்போம். சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பத்தை விடப் பார்வையால் இரையைத் துரத்தும் வேட்டைநாய்கள். உலகில் இந்த வகையின் மிகப் பிரபலமான உறுப்பினர் கிரேஹவுண்ட். அதே குறுகிய தாடை, அதே நீண்ட முகவாய். பிரிட்டனில் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2016இல் சாதாரண மருத்துவமனைகளுக்கு வந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேஹவுண்டுகளின் பதிவேடுகளைப் புரட்டினார்கள். அவற்றில் முதலிடம் பிடித்த நோய் பல் ஈறு நோய்தான். சுமார் 39 விழுக்காடு நாய்களுக்கு அது இருந்தது. எல்லா இனங்களையும் சேர்த்துப் பார்த்த இன்னொரு ஆய்வில் இந்த அளவு ஏறக்குறைய 12.5 விழுக்காடுதான். எடை குறைந்த பொம்மை நாய்களுக்கே உரியது என்று கருதப்பட்ட நோயில், முப்பது கிலோ ஓட்டக்கார நாயும் முன்வரிசையில் நிற்கிறது.

“எங்க ஊர்ல தாத்தா காலத்துல எந்த நாய்க்கும் பல் நோய் வந்ததில்லையே?” என்று கேட்பார்கள். அந்தக் காலத்தில் எந்த நாயின் மேலுதட்டை யார் தூக்கிப் பார்த்தார்கள்? காட்டில் காயம்பட்டோ, பாம்பு கடித்தோ, காய்ச்சலிலோ ஐந்தாறு வயதில் செத்துப்போன நாய் எத்தனையோ. பல் ஈறு நோய் வயதோடு முற்றுவது. தடுப்பூசியும் வேளாவேளைக்குச் சோறும் கிடைத்துப் பன்னிரண்டு வயது வரை வாழும் நகரத்து நாயின் வாயில்தான் அதன் முழு உருவமும் தெரியவரும்.

காட்டு விலங்கு பல் தேய்க்கிறதா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஆப்பிரிக்கக் காட்டுநாய்களின் 29 மண்டையோடுகளை ஆராய்ந்து 1999இல் ஒரு கட்டுரை வெளியானது. பச்சை இறைச்சியும் எலும்பும் தவிர வேறெதையும் தின்றறியாத விலங்குகள் அவை. அப்படியிருந்தும் அவற்றில் சுமார் 41 விழுக்காட்டில் பல்லைத் தாங்கும் எலும்பு அரிக்கப்பட்டிருந்தது. ஏறக்குறைய பாதி மண்டையோடுகளில் பல் உடைந்திருந்தது.

இங்கிருந்து எலும்புக் கதைக்கு வந்துவிடலாம். பச்சை எலும்பைக் கடிக்கும் நாயின் பல்மேல் படிந்த காரை குறைகிறது என்பது மெய். பீகிள் நாய்களை வைத்து அதைச் சோதித்தும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் நோய் இருக்கும் இடம் வேறு. சாப்பிட்ட சில மணி நேரத்தில் பல்மேல் கிருமிப் படலம் படர்கிறது. ஓரிரு நாளில் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறுகிக் காரையாகிறது. பல்லின் வெளிப்புறத்தில் தெரியும் மஞ்சள் காரை அசிங்கம்தான், ஆனால் பல்லைக் கொல்வது ஈற்றுக்குக் கீழே நுழையும் படலம். அது ஈற்றைப் பல்லிலிருந்து பிரிக்கிறது, பை போல ஓர் இடுக்கு உண்டாகிறது, அந்த இடுக்கின் அடியில் தாடை எலும்பு கரைகிறது. கறிக்கடை எலும்பு எவ்வளவு பெரியதானாலும் அந்த இடுக்குக்குள் போகாது. அதனால்தான் வெளியே வெள்ளையாக மின்னும் பல்லை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வேர் அழுகிவிட்டது, பிடுங்கியாக வேண்டும் என்கிறபோது வீட்டுக்காரர் நம்ப மறுக்கிறார்.

எலும்பு செய்யும் கெடுதல் தனி. நாய்க்கு மொத்தம் 42 பல். அவற்றில் மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப்பல்தான் கறியைக் கத்தரிக்கும் பெரிய பல். மூன்று வேர் உள்ளது. மாட்டின் நல்லி எலும்பை அதில் வைத்து நாய் நெரிக்கும்போது பல்லின் வெளிப்பக்கம் சில்லாகப் பெயர்ந்து வருகிறது. உள்ளே நரம்பு திறந்துகொள்கிறது. சில மாதம் கழித்துக் கண்ணுக்குக் கீழே வீக்கம் வரும். பூச்சி கடித்ததென்று மஞ்சள் பற்றுப் போடுவார்கள். வீக்கம் உடைந்து சீழ் வடியும், ஆறும், மறுபடி வீங்கும். அந்தப் பல்லின் வேர்முனை கண்ணுக்குக் கீழே போய் முடிகிறது என்று தெரிந்தவருக்கு மட்டுமே அது பல் நோய் என்று புரியும். பிரியாணிக் கோழி எலும்பைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. வெந்த எலும்பு கூராகச் சிலும்பும், குடலைக் கிழிக்கும். கடிக்கக் கொடுக்கும் எதையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்கவேண்டும். கொஞ்சமும் பதியாவிட்டால் அது பல்லை விடக் கடினம், கொடுக்கக் கூடாது.

“நல்லாத்தானே சாப்பிடுது, வலி இருந்தா சாப்பிடுமா?” என்ற வாதம் மிகவும் பரவலானது. மிகவும் தவறானதும்கூட. பசியும் வலியும் மோதினால் நாயிடம் பசிதான் ஜெயிக்கும். பட்டினி கிடப்பது அதற்குக் கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் அது வேறு பாஷையில் சொல்லிக்கொண்டிருக்கும்: ஒரு பக்கமாகவே மெல்லும், பிஸ்கட்டை வாயில் வாங்கிக் கீழே போட்டு மறுபடி எடுக்கும், தயிர்சாதத்தை விழுங்கிவிட்டுக் கெட்டித் தீனியை ஒதுக்கும், முகத்தைத் தடவ விடாது, பந்தை விட்டுவிடும். இதை வயசாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். வாய் நாற்றமும் அப்படியே. நாய் வாய் நாறத்தான் செய்யும் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆரோக்கியமான நாயின் வாயில் முகம் சுளிக்க வைக்கும் நாற்றம் வராது. வந்தால் அது கிருமியின் நாற்றம்.

மயக்க மருந்துப் பயத்தைத்தான் பொறுமையாகப் பேசவேண்டும். அந்தப் பயம் வெறும் வதந்தியில் பிறந்ததல்ல. கிரேஹவுண்டு வகை நாய்களின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. சில மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியும் அவற்றில் பலவற்றுக்குக் குறைவாகவே வேலை செய்கிறது. தையோபென்டோன் என்ற பழைய மயக்க மருந்தைப் போட்டால் மற்ற நாய் எழுந்து நடக்கும் நேரத்தில் இது இன்னும் தள்ளாடிக்கொண்டிருக்கும். 1980களிலேயே அமெரிக்க ஆய்வுகள் இதைத் தெளிவாக்கிவிட்டன. ஆகவே இந்த வகை நாய்க்கு அந்த மருந்தைத் தவிர்க்கவேண்டும் என்பதே சரியான முடிவு. மயக்கமே கூடாது என்பது அதிலிருந்து வராது. புரோபோஃபால் கொடுத்து, குழாய் வழியே ஐசோஃபுளூரேன் வாயு செலுத்தி, இதயத்துடிப்பையும் ஆக்சிஜனையும் பார்த்துக்கொண்டே செய்யும் முறை இன்று சென்னையில் புதிதல்ல. மெல்லிய தோலும் குட்டை மயிரும் உள்ள நாய் மேசையில் சீக்கிரம் குளிர்ந்துபோகும் என்பதால் கதகதப்பான போர்வையும் வேண்டும். வீட்டுக்காரர் மருத்துவரிடம் “எந்த மயக்க மருந்து, சார்?” என்று கேட்பதில் தவறேயில்லை. நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

இரத்தக் கசிவிலும் இதே கதைதான். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கருத்தடை அறுவை செய்த கிரேஹவுண்டுகளைக் கவனித்து 2008இல் எழுதினார்கள். நான்கில் ஒன்றுக்கு இரத்தக் கசிவு வந்தது, ஆனால் அறுவையின்போது அல்ல. 36 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் கசிந்தது. உறைந்த இரத்தக் கட்டி அவற்றுக்கு உரிய நேரத்துக்கு முன்பே கரைந்துவிடுவதே காரணம் என்று கருதப்படுகிறது. இதற்கு மருந்து இருக்கிறது, முன்கூட்டியே சொன்னால் மருத்துவர் தயாராக இருப்பார். சென்னைக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இங்கே உண்ணிக் காய்ச்சல் பெருவாரி, அது இரத்தத் தட்டுகளைக் குறைத்துவிடும். கிரேஹவுண்டுகளுக்கோ தட்டுகள் இயல்பிலேயே மற்ற நாய்களை விடக் குறைவு. பல் பிடுங்குவதற்கு முன் இரத்தப் பரிசோதனை சடங்கல்ல என்பது இதனால்தான். அந்த அறிக்கையைப் படிப்பவர் நாயின் இனத்தையும் மனதில் வைத்துப் படிக்கவேண்டும்.

மயக்கத்துக்குப் பயந்தவர்களைக் குறிவைத்து, ஊசியில்லாமல் பல் சுத்தம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். விழித்திருக்கும் நாயை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வெளிக்காரையைச் சுரண்டிவிடுவார்கள். பல் வெளுக்கும், வீட்டுக்காரர் மகிழ்வார், ஈற்றுக்குக் கீழே நோய் அப்படியே இருக்கும். அமெரிக்கக் கால்நடை மருத்துவமனைச் சங்கம் தன் பல் மருத்துவ வழிகாட்டியில் இதை ஏற்கத்தக்கதல்ல என்றே எழுதியிருக்கிறது. பயத்துக்கு இது மாற்றாகாது.

கடைசியாக, “பல்லைப் பிடுங்கினா எப்படிச் சாப்பிடும்?” இந்தக் கேள்வியில் இருப்பது பாசம், அதனால் பதிலும் விளக்கமாகவே இருக்கட்டும். நாய் நம்மைப் போல அரைத்து விழுங்கும் பிராணி அல்ல. கவ்வும், கிழிக்கும், விழுங்கும். வேட்டையாட வேண்டிய கட்டாயம் கொரட்டூரில் எந்தச் சிப்பிப்பாறைக்கும் இல்லை. பத்து இருபது பல் போன நாய்கள், ஏன், ஒரு பல்கூட இல்லாத நாய்கள்கூட, பிசைந்த சோறும் முட்டையும் வேகவைத்த கோழியும் தின்று எடை கூடுகின்றன. ஆடுகிற பல்லும் சீழ்பிடித்த வேரும்தான் அவற்றைச் சாப்பிடவிடாமல் தடுத்தவை.

பிடுங்கிய பிறகான கவனிப்புதான் வீட்டாரின் பங்கு. அன்று இரவு நாய் முனகும், தள்ளாடும். மாடிப்படியில் தனியாக விடக்கூடாது, மின்விசிறிக்கு நேர் கீழே வெறுந்தரையில் படுக்கவைக்கக் கூடாது. எச்சிலில் கொஞ்சம் சிவப்புக் கலப்பது இயல்பு. சொட்டுச் சொட்டாக விழுந்தாலோ, இரண்டாம் மூன்றாம் நாளில் புதிதாகக் கசிந்தாலோ உடனே மருத்துவரைக் கூப்பிடவேண்டும். தையல் தானாகக் கரையும். இரண்டு வாரத்துக்கு எல்லாமே மெத்தென்ற உணவு, அதுவும் ஆறியது. கயிறு இழுக்கும் விளையாட்டு, மெல்லும் பொம்மை எதுவும் வேண்டாம். வலி மாத்திரை மருத்துவர் எழுதியது மட்டும்தான். வீட்டில் இருக்கிறதே என்று பாராசிட்டமாலோ இபுபுரூஃபனோ கொடுத்தால் கல்லீரலும் குடலும் சிறுநீரகமும் கெடும். கீழ்க் கோரைப்பல் போன நாய்க்கு நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கும். பார்க்க வினோதமாக இருக்கும், வலி கிடையாது.

எதிர்த்தரப்பில் ஒரு வாதத்தை மட்டும் தள்ளிவிட முடியாது: செலவு. எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, மயக்கம், பிடுங்குவது எல்லாம் சேர்ந்து தனியார் மருத்துவமனையில் பல ஆயிரம் ஆகும். அம்பத்தூர் எஸ்டேட்டில் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகையல்ல. 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் கட்டணம் மிகக் குறைவு. காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கொரட்டூரிலிருந்து ஒரு ஆட்டோ தூரம். அந்தச் செலவையும் பெருமளவு தள்ளிப்போடும் வழி மலிவானது: குட்டியிலிருந்தே தினமும் ஒரு நிமிடம் மென்மையான பிரஷ்ஷால் வெளிப்பக்கப் பற்களைத் தேய்த்துவிடுவது. பேஸ்ட் நாய்க்கென்றே விற்பது வேண்டும், நம் பேஸ்ட் ஆகாது. அதிலும் சைலிட்டால் சேர்ந்தது நாய்க்கு நஞ்சு. பேஸ்ட் இல்லாமல் வெறும் பிரஷ் போதும்.

இன்று இரவு நாய் அயர்ந்து மடியில் தலை வைத்திருக்கும்போது, மேலுதட்டை மெல்லத் தூக்கிக் கடைவாயைப் பாருங்கள். ஈற்றோரம் சிவந்திருந்தாலோ, பல்லை மூடிக் காரை ஏறியிருந்தாலோ, ஒரு பல் ஆடினாலோ, இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.