திமிங்கலம் கரை ஒதுங்கினா தள்ளிவிட்டா மட்டும் போதுமா?



இந்தப் பக்கத்துல வழக்கமா தலைவரோட அறிக்கை, ஆர்ப்பாட்டப் படங்கள், எதிர்த்தரப்புக்குப் பதிலடி, இதுதான் வரும். இன்னிக்குத் திமிங்கலம். "இதுல என்னப்பா அரசியல்?"னு கேட்பீங்க. இருக்கு. முழுசாப் படிச்சிட்டு அப்புறமா கமெண்ட்ல திட்டுங்க.

2016 ஜனவரி 11. பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி. திருச்செந்தூர் பக்கத்துல ஆலந்தலை, கல்லாமொழி, மணப்பாடு கடற்கரையில சாயங்காலம் திமிங்கலங்கள் ஒவ்வொண்ணா மணல்ல ஏற ஆரம்பிச்சது. ஒண்ணு ரெண்டு இல்லை, 80க்கும் மேல. முதல்ல இறங்கினது யாரு? எந்த அதிகாரியும் இல்லை, அந்த ஊர் மீனவர்கள்தான். இருட்டுல, அலையில நின்னு, கையால தள்ளினாங்க. படகுல கட்டி ஆழத்துக்கு இழுத்துட்டுப் போய் விட்டாங்க. விட்டதுல பல திமிங்கலங்கள் திரும்பிக் கரைக்கே வந்துச்சு. மறுபடியும் இழுத்தாங்க. மறுபடியும் வந்துச்சு. கடைசியில 40க்கும் மேல செத்துப் போச்சு. கடற்கரையிலேயே குழி தோண்டிப் புதைச்சாங்க.

இதுல ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. இதே மணப்பாடு கரையில 1973 ஜனவரி 14, சரியா பொங்கல் நேரத்துல, இதே இனம் 147 ஒதுங்கினதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. 43 வருஷ இடைவெளி. அதே மாதம், அதே கரை. ஒருதடவை நடந்தா விபத்துன்னு விட்டுடலாம். ரெண்டாவது தடவையும் நடந்தா மூணாவதுக்குத் தயாரா இருக்கணும்.

சரி, ஏன் ஒதுங்குது?

முதல்ல வாட்ஸ்அப் கதைகளை ஓரமா வைப்போம். "திமிங்கலம் தற்கொலை பண்ணிக்குது", "சுனாமி வரப்போற அறிகுறி", ரெண்டுக்கும் ஆதாரம் கிடையாது. நம்ம குரூப்புலயே ஃபார்வர்டு ஆகுது, தயவுசெஞ்சு நிறுத்துங்க.

மணப்பாட்டுக்கு வந்தது பைலட் திமிங்கலம். பேருதான் திமிங்கலம், உண்மையில ஓங்கில் குடும்பம், அதாவது டால்பின் வகை. ஆண் 7 மீட்டர் வரை வளரும், 3 டன் வரைக்கும் எடை வரும். ஆழ்கடல்ல கணவாய் பிடிச்சுத் தின்னும். இதோட பெரிய பலமே கூட்டம். தாய், பிள்ளை, பாட்டினு குடும்பமாவே வாழும். பெரிய பலவீனமும் அதேதான். கூட்டத்துல ஒண்ணுக்கு உடம்பு சரியில்லாமப் போய் ஆழம் கம்மியான இடத்துக்கு வந்தா, மத்தது எல்லாம் அதை விட்டுட்டுப் போகாது, பின்னாடியே வரும். ஆழத்துக்கு இழுத்துட்டுப் போனதும் ஏன் திரும்பி வந்துச்சுன்னு இப்போ புரியுதா? மணல்ல கிடக்கிற சொந்தக்காரன் இன்னும் கத்திக்கிட்டு இருக்கான். அதுங்க காதுல அது கேக்குது.

அடுத்தது எதிரொலி. நான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன், இந்த இடம் வந்தா கொஞ்சம் நீட்டிடுவேன், பொறுத்துக்கங்க. இந்த உயிரினங்கள் சத்தத்தை அனுப்பி, அது எதுலயாவது பட்டுத் திரும்பி வர்றதை வெச்சுத்தான் வழி பார்க்கும். செங்குத்தா பாறை இருந்தா எதிரொலி பளிச்சுனு திரும்பும். மெதுவா சரிஞ்சு ஏறுற மணல் கடற்கரையில சத்தம் சிதறிடும், திரும்பி வர்றது ரொம்பக் குறைவு. "முன்னாடி திறந்த கடல்தான்"னு நம்பிப் போயிடும். அலை இறங்கினதும் மணல்ல மாட்டிக்கும். உலகத்துல அடிக்கடி கூட்டமா ஒதுங்குற இடங்களைப் பார்த்தா பெரும்பாலும் இந்த மாதிரி சரிவான மணல் கரைதான். நியூசிலாந்துல ஃபேர்வெல் ஸ்பிட்னு ஒரு இடம், நீளமா வளைஞ்ச மணல் திட்டு. 2017 பிப்ரவரியில 400க்கும் மேல பைலட் திமிங்கலங்கள் அங்க ஒதுங்குச்சு.

இது வரைக்கும் இயற்கை. மனுஷன் கை இருக்கிற கணக்கும் உண்டு. 2000 மார்ச்சுல பஹாமாஸ் தீவுகள்ல 17 திமிங்கலங்களும் ஓங்கில்களும் கரை ஒதுங்குச்சு. கிட்டக்கதான் அமெரிக்கக் கடற்படையோட பயிற்சி நடந்தது. அடுத்த வருஷம் வந்த அரசு அறிக்கையில கப்பல்களோட சோனார்தான் காரணமா இருக்க அதிக வாய்ப்புன்னு அந்தக் கடற்படையே ஒத்துக்கிட்டுச்சு. 2002ல ஸ்பெயினோட கேனரி தீவுகள்லயும் இதே கதை. ராணுவப் பயிற்சி நடந்த நேரத்துல அலகுத் திமிங்கலங்கள் ஒதுங்குச்சு. அறுத்துப் பார்த்தா உடம்புக்குள்ள வாயுக் குமிழிகள். ஆழத்துல முக்குளிக்கிறவங்க சட்டுனு மேல வந்தா வருமே, அந்த மாதிரி பாதிப்பு. 2004ல ஸ்பெயின் அந்தத் தீவுகளைச் சுத்தி சோனாருக்குத் தடை போட்டுச்சு. அதுக்கப்புறம் அங்க அப்படிப்பட்ட கூட்டச் சாவு நடக்கலைன்னு 2013ல விஞ்ஞானிகள் எழுதினாங்க.

கவனிச்சீங்களா? உடல்கூறு பண்ணினாங்க, காரணம் கிடைச்சுது. காரணம் கிடைச்சதால சட்டம் வந்துச்சு. மணப்பாட்டு விஷயத்துல "சோனார்தான், கப்பல்தான்"னு நான் இங்க எழுத மாட்டேன், கையில ஆதாரம் இல்லாம யார் மேலயும் பழி போடுறது நம்ம வேலை இல்லை. ஆனா அடுத்த தடவை ஒதுங்கினா புதைக்கிறதுக்கு முன்னாடி காதையும் மூளையையும் நுரையீரலையும் எடுத்துப் பரிசோதிக்கணும், முடிவை மக்களுக்கு வெளியிடணும். அதைக் கேக்குற உரிமை நமக்கு உண்டு.

இப்போ பெரிய கேள்வி. நாம தலையிடணுமா?

"இயற்கையோட போக்குல விட்டுடுங்க, பலவீனமானது சாகும், மத்த உயிர்களுக்கு உணவாகும்"னு ஒரு வாதம் இருக்கு. முட்டாள்தனமான வாதம் இல்லை, மனுஷன் பொறப்பதற்கு முன்னாடியே திமிங்கலம் கரை ஒதுங்கியிருக்கு. ஆனா வலை, கப்பல், சத்தம், பிளாஸ்டிக்னு கடல் முழுக்க நாம போய் உக்காந்துட்டு, கரையில மட்டும் "இயற்கை"னு கையைக் கட்டி நிக்கிறது எனக்குச் சரியாப் படலை. தலையிடத்தான் வேணும். எப்படிங்கிறதுலதான் எல்லாம் இருக்கு.

பக்கத்துலயே ஒரு உதாரணம். 2020 நவம்பர் 2, இலங்கையில கொழும்புக்குத் தெற்க இருக்கிற பாணந்துறை. 100க்கும் மேல பைலட் திமிங்கலங்கள் ஒதுங்குச்சு. கொரோனா ஊரடங்கு போட்டிருந்த நேரம். ஊர் இளைஞர்களும் கடற்படையும் கடலோரக் காவல் படையும் ஒண்ணா இறங்கி, ஜெட் ஸ்கீயில ஒவ்வொண்ணா இழுத்து, விடியுறதுக்குள்ள சுமார் 120ஐ ஆழத்துக்குக் கொண்டு சேர்த்துட்டாங்க. செத்தது விரல் விட்டு எண்ணலாம். சீக்கிரம் ஆரம்பிச்சாங்க, ஆள் பலம் இருந்துச்சு, வண்டி இருந்துச்சு, ஒரே ராத்திரியில மொத்தக் கூட்டத்தையும் நகர்த்தினாங்க.

மறுபக்கத்தையும் சொல்றேன். 2025 பிப்ரவரி, ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியா. 157 போலி ஓர்காக்கள் ஒரு ஒதுக்குப்புறமான கரையில ஏறிடுச்சு. பார்த்தப்போ சுமார் 90 உயிரோட இருந்துச்சு. கடல் கொந்தளிப்பு. திருப்பி விடப் பார்த்தாங்க, முடியலை. கடைசியில மிச்சத்தைக் கருணைக்கொலை பண்ண முடிவெடுத்தாங்க. படிக்கும்போதே மனசு பதறுது, எனக்கும் பதறுச்சு. ஆனா அங்க இருந்த கால்நடை மருத்துவர்களுக்குத் தெரிஞ்சது இதுதான்: தண்ணியில மிதக்குற வரைக்கும் அந்த எடை ஒண்ணும் பண்ணாது, மணல்ல விழுந்ததும் அதே எடை நுரையீரலை நசுக்கும். தோலுக்குக் கீழ இருக்கிற கொழுப்பு குளிர்ல காக்குறதுக்கு, வெயில்ல அதுவே அடுப்பு. நசுங்கின தசையில இருந்து வர்ற நச்சு சிறுநீரகத்தை அடிக்கும். நேரம் ஆக ஆக, நாம தள்ளி விட்டாலும் கடலுக்குள்ள போய்ச் செத்துப் போகும். கை தட்டி அனுப்பி வெச்ச திமிங்கலம் ரெண்டு நாள் கழிச்சுப் பக்கத்து ஊர்ல பிணமா ஒதுங்கினா அது மீட்புக் கணக்குல வராது.

அதனாலதான் சொல்றேன், பாசம் மட்டும் பத்தாது. வாலைப் பிடிச்சுக் கயிறு கட்டி இழுத்தா முதுகெலும்பு விலகும். தலை மேல இருக்கிற மூச்சுத் துளையில தண்ணி ஊத்தினா மூச்சுத் திணறும், அது மீன் இல்லை, நம்மள மாதிரி காத்தைச் சுவாசிக்கிற பாலூட்டி. பக்கவாட்டுல கிடந்தா வயித்துல படுக்கிற மாதிரி மெதுவா நிமிர்த்தணும். துடுப்புக்குக் கீழ மணலைத் தோண்டிக் குழி விடணும். ஈரத் துணி போர்த்தித் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும், துளையை மட்டும் மூடாம. வால் பக்கம் நிக்காதீங்க, ஒரு அடி போதும், எலும்பு முறிஞ்சிடும். அது விடுற மூச்சுல கிருமி இருக்கலாம், முகத்தைக் கிட்ட கொண்டு போகாதீங்க. ஒண்ணொண்ணா விடாம, முடிஞ்ச வரை கூட்டமாத் தண்ணியில நிறுத்தி, எல்லாம் நிதானத்துக்கு வந்த பிறகு சேர்த்து விடணும். நியூசிலாந்துல கை கோத்து மனிதச் சங்கிலியா நின்னு திரும்பி வராம மறிச்சாங்க.

இன்னொண்ணு, நம்ம ஆட்களுக்கே சொல்றேன். கட்சிக் கொடியைப் பிடிச்சுக்கிட்டு திமிங்கலம் மேல கை வெச்சு போட்டோ எடுத்து இந்தப் பக்கத்துக்கு அனுப்பாதீங்க. போட மாட்டோம். சட்டமும் தெரிஞ்சுக்கங்க: திமிங்கலமும் ஓங்கிலும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, புலிக்குக் கொடுக்குற அதே பாதுகாப்பு. பல்லு, எலும்புன்னு ஞாபகத்துக்கு எடுத்து வெச்சாலும் கேஸ்தான்.

இப்போ அரசியலுக்கு வர்றேன். மணப்பாட்டுல முதல் கை வெச்சது மீனவர். அடுத்த தடவையும் அவர்தான் வைப்பார், வனத்துறை வண்டி வர்றதுக்குள்ள பாதி முடிஞ்சிருக்கும். அவர் கையில என்ன இருக்கு? நல்ல மனசும் வலைக் கயிறும். அன்னிக்குக் கடலுக்குப் போகாம நின்ன நாளுக்குக் கூலி யார் கொடுப்பா? அறுந்த வலைக்கு யார் கொடுப்பா? மகாராஷ்டிராவுல 2018 டிசம்பர்ல ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. பாதுகாக்கப்பட்ட உயிரினம் வலையில மாட்டினா, வலையை அறுத்து விடுற மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு. ஆமையையும் திமிங்கலச் சுறாவையும் மீனவர் விட்டுட்டு போட்டோ அனுப்பினா பணம் வருது. இதுக்குப் பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம், ஒரு அரசாணை போதும்.

நம்ம கோரிக்கையும் அந்த அளவுக்கு எளிமைதான். ஒவ்வொரு கடலோர மாவட்டத்துலயும் மீனவ இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மீட்புக் குழுன்னு அடையாள அட்டையும் படியும் கொடுங்க. திமிங்கலத்தைத் தூக்க கேன்வாஸ் விரிப்பு, காத்தடைச்ச மிதவை, இதையெல்லாம் மீன்பிடி இறங்குதளத்துலயே வைங்க, தலைநகர்ல கிடங்குல வேண்டாம். கூப்பிட்டா வர்ற மாதிரி கால்நடை மருத்துவர் பட்டியல் வேணும். எதைத் திருப்பி விடலாம், எதை விட முடியாதுங்கிற கஷ்டமான முடிவை அவர் எடுக்கணும். நெஞ்சு பொறுக்காம நிக்கிற நாம எடுக்கக் கூடாது. செத்ததை அறுத்துப் பார்த்த அறிக்கை 90 நாள்ல பொதுவெளிக்கு வரணும்.

மணப்பாட்டுக்கும் திருச்செந்தூருக்கும் நடுவுல குலசேகரன்பட்டினத்துல ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டினாங்க. நல்லது, வரட்டும், நானும் அதைப் பார்க்க ஆசைப்படுற ஆள்தான். அதே கரையில நாலு மீனவர்கிட்ட, "நாளைக்கு ராத்திரி திமிங்கலம் ஒதுங்கினா யாருக்குப் போன் பண்ணுவீங்க?"னு கேட்டுப் பாருங்க.

இப்போதைக்கு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தோட 1093 எண்ணைப் போன்ல சேவ் பண்ணி வெச்சுக்கங்க, கூடவே உங்க பகுதி வனச்சரக அலுவலக எண்ணும். உங்க ஊர்க் கரையில திமிங்கலமோ ஓங்கிலோ கடற்பசுவோ ஒதுங்கினதை நீங்களோ உங்க வீட்டுப் பெரியவங்களோ பார்த்திருந்தா, ஊர்ப் பேரு, வருஷம், என்ன பண்ணாங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க. மாவட்ட வாரியாத் தொகுத்து, மீனவர் அணி மூலமா ஆட்சியர் அலுவலகங்கள்ல கொடுக்கப் போற மனுவோட இணைக்கிறோம்.

– தகவல் தொழில்நுட்ப அணி

#மணப்பாடு #திமிங்கலம் #மீனவர்உரிமை