பழைய பேட்டரியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்



மழைக்காலத்துக்கு முன்பு உங்களில் சிலர் இன்வெர்ட்டர் பேட்டரி மாற்றுவீர்கள். பழையதை என்ன செய்யப் போகிறீர்கள்?

வகுப்பில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். டார்ச் செல் முதன்மை மின்கலம். அதன் வேதிவினை ஒருவழிப் பாதை. இன்வெர்ட்டர் பேட்டரி துணை மின்கலம். சார்ஜ் ஏற்றினால் வினை திரும்பி நடக்கும். ஒரு கலம் 2 வோல்ட், ஆறு சேர்ந்தால் 12 வோல்ட். கம்பியில் மின்சாரத்தைச் சுமப்பவை எலக்ட்ரான்கள். பேட்டரிக்குள் அந்த வேலையைச் செய்பவை கந்தக அமிலத்தின் அயனிகள்.

"அயனிதானே வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றினால் என்ன?" என்று கேட்பீர்கள். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் புகுந்த கிணற்றுநீரிலும் அயனிகள் ஏராளம். ஆனால் அதிலுள்ள குளோரைடு தகட்டை அரித்துவிடும். அதனால்தான் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றச் சொல்கிறோம்.

பேட்டரி செத்தாலும் ஈயம் சாகாது. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம்தான். அதை உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். நம் கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலேயே அந்தத் தொழில் நடக்கிறது. முறையான ஆலை அமிலத்தைச் சுத்திகரிக்க வேண்டும், புகையை வடிகட்ட வேண்டும். அதற்குச் செலவு உண்டு. கொல்லையில் வைத்து உடைப்பவருக்கு அந்தச் செலவு இல்லை. அமிலத்தை மண்ணில் கொட்டிவிட்டு, ஈயத்தைத் திறந்த அடுப்பில் உருக்குகிறார். காயலான் கடையில் நமக்குக் கூடுதலாகக் கிடைக்கும் இருநூறு ரூபாய் அப்படி மிச்சமான பணமாக இருக்கலாம். அதன் விலையைக் கொடுப்பது பக்கத்துத் தெருக் குழந்தை. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இல் வந்தன. பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வீட்டுக் குப்பையோடு கலக்காமல் உரியவரிடம் ஒப்படைப்பது நம் பொறுப்பு. சட்டம் போட்டாயிற்று என்று நாம் சும்மா இருக்க முடியாது. பேட்டரி புறப்படுவது நம் வீட்டு வாசலிலிருந்துதான்.

ஆகவே புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பில்லில் அதை எழுதச் சொல்லுங்கள். அமிலத்தை நீங்களே கொட்டிவிடாதீர்கள்.

சிப்காட்டில் ஈய வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை: வேலை உடுப்போடு வீட்டுக்குப் போகாதீர்கள். குளித்து, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.