ஸ்ரீரங்கத்துக்கு ரெண்டு வக்கீல்... உங்க ஓட்டு யாருக்கு?

பகலில் கோர்ட், ராத்திரியில் மொட்டைமாடி. பகலில் கறுப்புக் கோட்டு, ராத்திரியில் சிவப்பு உடை, கொம்பு வைத்த முகமூடி. 'டேர்டெவில்' பார்த்தவர்களுக்கு மேட் மர்டாக்கைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு ஒரு குட்டி இன்ட்ரோ. சின்ன வயதில் விபத்தில் பார்வையை இழந்தவர், குத்துச்சண்டை வீரரின் மகன், நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சன் ஏரியாவில் ஏழைகளுக்காக வாதாடும் வக்கீல். கோர்ட்டில் தப்பித்தவனை ராத்திரி தேடிப் போய் உதைப்பவரும் அவரே. 1964-ல் ஸ்டான் லீயும் பில் எவரெட்டும் உருவாக்கிய இந்த மார்வெல் காமிக்ஸ் ஹீரோ, 2015-ல் நெட்ஃப்ளிக்ஸ் சீரிஸாக வந்தார். 2018-ல் அதற்கு மூடுவிழா. 2025 மார்ச்சில் 'டேர்டெவில்: பார்ன் அகெய்ன்' என்று திரும்பி வந்தார். நடிகர் அதே சார்லி காக்ஸ்.

நமக்கு இந்தக் கதை புதுசா என்ன? ரூல்ஸ் மீறினால் டென்ஷனாகிற வக்கீல், புகார் மேல் புகார் கொடுத்து ஓய்ந்துபோகிறவர், ராத்திரியானால் தலைமுடியை முன்னால் போட்டுக்கொண்டு கருட புராணத் தண்டனை கொடுக்கிறவர். யெஸ், அம்பி. 2005 ஜூனில் வெளியான 'அந்நியன்'. மேட் மர்டாக்குக்குத் தான் யார் என்று தெரியும், அம்பிக்குத் தெரியாது. பெரிய வித்தியாசம் இதுதான். இன்னொன்றும் உண்டு. மேட் உதைப்பார், ஆனால் கொல்லக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருப்பார். நம்ம ஆள் எண்ணெயில் போட்டு வறுத்தே எடுத்துவிடுவார்!

படத்தில் அம்பி திருவல்லிக்கேணிக்காரர். ஆனால், அவர் பேசிய தமிழுக்குச் சொந்த ஊர் ஸ்ரீரங்கம். வசனம் எழுதிய சுஜாதா பிறந்தது திருவல்லிக்கேணி என்றாலும், வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில், பாட்டி வீட்டில். படித்தது அங்கே உயர்நிலைப் பள்ளியிலும், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும். சுஜாதாவே டபுள் ரோல்தான். பெங்களூரு பெல் நிறுவனத்தில் இன்ஜினீயர் ரங்கராஜன், பத்திரிகைகளில் மனைவி பெயரில் சுஜாதா. ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் எழுதிக்கொண்டிருந்ததால் பெயர்க்குழப்பம் வேண்டாம் என்று எடுத்த முடிவு அது.

அவருடைய கதைகளில் இன்னொரு வக்கீல் இருக்கிறார். கணேஷ். 1968-ல் 'நைலான் கயிறு' நாவலில் வந்தவர், பிறகு ஜூனியர் வசந்த்தைச் சேர்த்துக்கொண்டு பல வருஷம் ஓடினார். 1978-ல் 'ப்ரியா'வில் ரஜினியே கணேஷாக நடித்தார். கணேஷுக்கு முகமூடி கிடையாது. கொலைகாரன் யார் என்று கண்டுபிடித்தாலும் சாட்சி, ஆதாரம் என்றுதான் மூளை ஓடும். அதே பேனாதான் பின்னாளில் அம்பிக்கும் வசனம் எழுதியது. ('அந்நியன்' கதை யாருடையது என்ற சண்டை 2021-ல் வெடித்தது ஞாபகமிருக்கும். ஷங்கர் இந்தி ரீமேக் அறிவித்ததும், கதை உரிமையை சுஜாதாவிடம் வாங்கியிருக்கிறேன் என்றார் தயாரிப்பாளர். கதை, திரைக்கதை என் பெயரில்தானே வந்தது என்றார் ஷங்கர். முகமூடிக்குள் இருப்பது யார் என்பதிலேயே தகராறு!)

சரி, முகமூடி வக்கீல் நமக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது? இதில் பெரிய சைக்காலஜி எல்லாம் இல்லை. காரணம், வாய்தா. இந்திய நீதிமன்றங்களில் 5 கோடிக்கும் மேல் வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன. ஒரு சொத்துத் தகராறில் தாத்தா போட்ட கேஸுக்குப் பேரன் ஆஜராவது நம் ஊரில் ஜோக் இல்லை, நடப்பு. அப்படிக் காத்திருக்கும் ஒருவருக்கு, 'ராத்திரியே முடிச்சுடலாம்' என்று ஒருத்தர் வந்தால் விசில் அடிக்கத்தான் தோன்றும். அந்த விசிலைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால், அந்த விசில் தியேட்டரோடு நிற்பதில்லை. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, பெண் மருத்துவர் கொலை வழக்கில் கைதான நான்கு பேர் என்கவுன்டரில் கொல்லப்பட்டபோது, போலீஸார் மேல் பூத்தூவினார்கள் மக்கள். அன்றைக்கு நம்மில் எத்தனை பேர் ஸ்டேட்டஸ் போட்டோம்? 2022-ல், உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை வெளியானது. அவர்கள் வேண்டுமென்றே சுடப்பட்டார்கள், போலீஸ் சொன்ன கதை நம்பும்படி இல்லை என்றது. அந்த அறிக்கைக்கு யாரும் பூத்தூவவில்லை. 2024-ல் வந்த 'வேட்டையன்' இதே கேள்வியைத்தான் ரஜினியை வைத்துக் கேட்டது. என்கவுன்டரில் சுட்டது தப்பான ஆளை என்று தெரிந்தால் என்ன செய்வீங்க? அந்நியன் கொடுக்கும் தண்டனைக்கு அப்பீல் கிடையாது. கருட புராணத்துக்கு ரிவ்யூ பெட்டிஷன் போட முடியாது.

'வேட்டையன்' இயக்கிய த.செ.ஞானவேல்தான் அதற்கு முன்னால் 'ஜெய் பீம்' எடுத்தவர். அதில் சூர்யா நடித்த வக்கீல் சந்துரு கற்பனை இல்லை. 1951-ல் பிறந்த நிஜ சந்துருவின் சொந்த ஊர்? ஸ்ரீரங்கம்!

1993-ல் கம்மாபுரம் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ராஜாக்கண்ணு காணாமல் போனார். தப்பி ஓடிவிட்டார் என்றது போலீஸ். அவர் மனைவிக்காக சந்துரு கையில் எடுத்தது ஆட்கொணர்வு மனு. 'அந்த ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்து' என்று அரசைக் கேட்கும் மனு அது. மொட்டைமாடி சண்டை இல்லை. பேப்பர், சாட்சி, குறுக்கு விசாரணை. ராஜாக்கண்ணு போலீஸ் அடியில் செத்துப்போனார் என்பது அப்படித்தான் வெளியே வந்தது. போலீஸார் குற்றவாளிகள் என்று தீர்ப்பும் ஆனது. ஆனால், வருஷக்கணக்கில் ஆனது. சினிமாவில் ரெண்டரை மணி நேரத்தில் முடிகிற காத்திருப்பு, அந்த அம்மாவுக்கு இளமையையே தின்றுவிட்ட காத்திருப்பு. இதை மறைத்துவிட்டு 'சட்டம் ஜெயிக்கும்' என்று சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதுதான்.

மனித உரிமை வழக்குகளுக்கு ஃபீஸ் வாங்காத அந்த வக்கீல், 2006-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். 2013-ல் ஓய்வு பெறுவதற்குள் சுமார் 96,000 வழக்குகளை முடித்தார். 'மை லார்ட்' என்று கூப்பிட வேண்டாம் என்றார், சுழல் விளக்கு வேண்டாம் என்றார், கடைசி நாளில் மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார். 96,000 என்ற நம்பரைப் பாருங்க. தாமதத்துக்கு மருந்து முகமூடியில்தான் இருக்கு என்பவர்களுக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. அதே நேரம், இப்படி ஒருத்தரை விதிவிலக்காகக் கொண்டாட வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சலும் வராமல் இல்லை.

இன்னொரு விஷயம். நிஜ வக்கீலுக்கு இரட்டை வாழ்க்கை வாழ ரூல்ஸே இடம் தராது. இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி, பிராக்டிஸ் செய்யும் வக்கீல் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது, நேரடியாக பிசினஸும் நடத்தக் கூடாது. வக்கீலாக இருந்துகொண்டே முழுநேரப் பத்திரிகையாளராக இருக்க முடியாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் பார் கவுன்சில் சொன்னது. நிருபர் வேலைக்கே இந்தக் கதி என்றால், ராத்திரி ஆளைத் தூக்கும் வேலைக்கு? இதற்குப் பின்னால் ஒரு காரணமும் இருக்கிறது. கோர்ட்டில் எல்லாமே பெயரில்தான் ஓடுகிறது. வக்காலத்தில் கட்சிக்காரர் கையெழுத்து, வக்கீல் கையெழுத்து, பதிவு எண். தப்பு நடந்தால் யாரைக் கேட்பது என்பது முதல் பக்கத்திலேயே தெரியும். முகமூடி மறைப்பது முகத்தை மட்டும் இல்லை பாஸ், அந்தப் பதில் சொல்லும் பொறுப்பையும்தான்.

காமிக்ஸ்காரர்களுக்கும் இது தெரியும். 2014-ல் வந்த கதையில், சத்தியப் பிரமாணம் எடுத்து 'நான்தான் டேர்டெவில்' என்று கோர்ட்டில் ஒப்புக்கொள்கிறார் மேட். நியூயார்க்கில் வக்கீல் தொழில் செய்யும் உரிமை போகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மூட்டை கட்டுகிறார். 'பார்ன் அகெய்ன்' முதல் சீசனில் இன்னும் கசப்பு. (ஸ்பாய்லர், பார்க்காதவங்க அடுத்த பாராவுக்குப் போயிடுங்க.) கட்சிக்காரரைக் காப்பாற்ற, அவர்தான் இன்னொரு முகமூடி ஹீரோ என்ற ரகசியத்தை கோர்ட்டில் உடைக்கிறார் மேட். கேஸ் ஜெயிக்கிறது. விடுதலையான மனிதர் தெருவில் சுட்டுக் கொல்லப்படுகிறார்.

திருச்சி வாசகர்களுக்கு இது தூரத்து நியூயார்க் கதை இல்லை. உங்க மாவட்டத்துக்கான உயர் நீதிமன்றம், 2004 ஜூலையில் தொடங்கிய மதுரைக் கிளை. 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் சிக்கி இறந்தபோது, தானாக முன்வந்து விசாரணையைக் கையில் எடுத்தது அந்தக் கிளைதான். 2025-ல் திருப்புவனத்தில் கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையில் இறந்த வழக்கும் அங்கேதான் போனது. 1993-ல் கம்மாபுரத்தில் கேட்ட கேள்வியை 2025-லும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அடுத்த வக்கீல் எங்கிருந்து வருவார் என்றால், திருச்சியில் 1979 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. நாவலூர் குட்டப்பட்டில் தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் இருக்கிறது.

உங்க போனில் ஒரு நம்பரை சேவ் பண்ணி வையுங்க: 15100. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் இது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுக்கணும் என்கிறது 1987 சட்டம். யாரையாவது கைது செய்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தியாகணும். ஏற்கெனவே கேஸ் இருந்தால் இ-கோர்ட்ஸ் ஆப்பில் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போடுங்க. அடுத்த வாய்தா என்றைக்கு, போன தடவை என்ன நடந்தது என்பதெல்லாம், வக்கீல் போன் எடுக்காவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.